விண்டோஸ் 10க்குப் பிறகு: லினக்ஸா, விண்டோஸ் 11ஆ, மேக்புக்கா?

திருகோணமலையில் வீட்டிலும் சிறிய அலுவலகங்களிலும் கணினி பாவிக்கிறவர்கள் இப்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பித்தல் 2025 ஒக்டோபர் 14 அன்று நின்றுவிட்டது. ஒரு வருட நீடிப்புக்குப் பதிந்தவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். கையில் இருக்கும் லப்டொப் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11 அதை ஏற்க மாட்டேன் என்கிறது. புதிது வாங்குவதா, இருப்பதிலேயே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதா, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்புகிறேன் என்கிற மேக்புக்குக்குச் சரி சொல்வதா?

உங்கள் லப்டொப் ஏன் தகுதி பெறவில்லை என்பதை முதலில் பாருங்கள். விண்டோஸ் 11க்கு இன்டெல் சிப் என்றால் குறைந்தது 8ஆம் தலைமுறை, ஏ.எம்.டி என்றால் ரைசன் 2000 வரிசை, அதோடு டி.பி.எம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும். ஐ5-7200 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 7 தான் தலைமுறை. 8250 என்றால் எட்டு, 1135 என்றால் பதினொன்று. சில லப்டொப்களில் டி.பி.எம் இருந்தும் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கிற அமைப்புப் பக்கத்தில், அணைந்து கிடக்கும். எட்டாம் தலைமுறையாக இருந்தும் மறுத்தால், வாங்கப் போவதற்கு முன் பயாஸை ஒருமுறை திறந்து பாருங்கள். தகுதி இல்லாத கணினியில் வேறு வழியால் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். போடலாம், ஓடும். ஆனால் புதுப்பித்தல் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. வங்கி வேலையும் அலுவலகக் கோப்புகளும் இருக்கிற கணினிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

## எதை வைத்து அளப்பது

கடையில் முதலில் காட்டுவது ரேமும் திரையும் விலையும். அவற்றைவிட முக்கியமானவை வேறு.

முதலாவது, விட முடியாத மென்பொருள். ஒரு கிழமை நீங்கள் கணினியில் திறப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். மின்னஞ்சல், வங்கி, வருமான வரிப் படிவம், சூம் வகுப்பு, நிலாவெளி விருந்தினர் விடுதியின் அறைப் பதிவுகள் எல்லாம் பிரவுசரில் நடப்பவை. அவற்றுக்கு எந்த இயங்குதளமும் ஒன்றுதான். கணக்கு வைக்கும் பொதி, கோரல்டிரோ, போட்டோஷொப், ஓட்டோகாட், மேக்ரோ எழுதிய எக்செல், அக்செஸ் தரவுத்தளம் போன்றவை பட்டியலில் வந்தால் கவனியுங்கள். அந்த நாலைந்து பெயர்கள்தான் உங்கள் தெரிவை முடிவு செய்யும்.

இரண்டாவது, தமிழ். இதற்குக் கீழே தனியாக இடம் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, பழுதானால் எங்கே கொண்டுபோவது. உத்தரவாதச் சேவை நிலையங்கள் பெரும்பாலும் கொழும்பில்தான். இங்கிருந்து கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர். ஒரு கீபோர்ட் வேலை செய்யாவிட்டால் ஒரு நாள் பயணம், பிறகு காத்திருப்பு, பிறகு இன்னொரு பயணம். நகரத்துக் கடையிலேயே பற்றரியும் திரையும் மாற்றக்கூடிய மொடலுக்கு இங்கே இருக்கும் பெறுமதி கொழும்பில் இருப்பவருக்கு விளங்காது.

நான்காவது, மின்சாரமும் காற்றும். 2022 மார்ச்சில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரியில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. பற்றரி நன்றாக இல்லாத லப்டொப்பை மேசைக் கணினி என்றுதான் கணக்கில் எடுக்க வேண்டும். உப்புவெளி, டச்சு பே பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் உப்புக் காற்று விசிறி வழியாக உள்ளே போய், போர்ட்டுகளையும் இணைப்புகளையும் அரிக்கும். அதனால் திறந்து துப்புரவாக்க வசதியான லப்டொப் நல்லது.

ஐந்தாவது, டேட்டா. ஃபைபர் இருக்கிற வீட்டில் இது பெரிய விஷயமில்லை. மூதூரிலோ குச்சவெளியிலோ போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்பவருக்கு, பின்னணியில் சத்தமில்லாமல் இறங்கும் சில ஜிபி புதுப்பித்தல் அந்த மாதப் பெக்கேஜையே தின்றுவிடும்.

கடைசியாக, விலைச் சீட்டில் இல்லாத செலவு: இயங்குதள உரிமம், ஒபிஸ் உரிமம், கூடுதல் போர்ட் தரும் ஹப், வெளி ஹாட் டிஸ்க், ஒத்துவராத பிரிண்டர்.

## தமிழ்த் தட்டச்சும் பாமினிக் கோப்புகளும்

இயங்குதளம் மாற்றுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதேயில்லை. நம் ஆசிரியர்களுக்கும் அலுவலக எழுதுநர்களுக்கும் இதுதான் முதல் தலையிடி.

பல வருடப் பரீட்சை வினாத்தாள்கள், கடிதங்கள், கோயில் மலர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினி யூனிகோட் அல்ல, அதாவது எல்லாக் கணினியும் போனும் ஒரேபோல் வாசிக்கிற பொதுக் குறியீட்டு முறை அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. ஆகவே எழுத்துருக் கோப்பை நிறுவினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பழைய கோப்பு தமிழாகவே திறக்கும். ஆங்கில விசைப்பலகையிலேயே முன்பு போல் அடிக்கவும் முடியும். லினக்ஸ் போனால் பாமினி போய்விடும் என்ற பயம் தேவையில்லை. புதிய கணினிக்குப் போகும்போது எழுத்துருக் கோப்புகளைப் பழையதிலிருந்து எடுத்துக்கொள்ள மறக்காமல் இருந்தால் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. என்.எச்.எம் ரைட்டர், அழகி போன்ற கருவிகளால் யூனிகோட் அடிக்கிறவர்களுக்கு அவை விண்டோஸோடு நின்றுவிடும். லினக்ஸில் ஐபஸ் அல்லது ஃபிசிட்டிக்ஸ் என்ற உள்ளீட்டு வசதியோடு எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தொலியில் அடிக்கிற ஒலிபெயர்ப்பு முறை, இலங்கையின் தர விசைப்பலகையான ரெங்கநாதன் எல்லாம் கிடைக்கும். மேக்கில் அஞ்சல் என்ற ஒலிபெயர்ப்பு முறையும் தமிழ்99உம் வாங்கும்போதே உள்ளே இருக்கின்றன. விண்டோஸ் 11இலும் ஒலிபெயர்ப்பு முறையும் தமிழ்99உம் உள்ளேயே வருகின்றன. விரல் எதற்குப் பழகியிருக்கிறதோ அது புதிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் மாறாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒலிபெயர்ப்பு முறைகள் கருவிக்குக் கருவி வேறுபடும். ண, ன, ந மூன்றுக்கும் எந்த விசை என்பதில்தான் முதல் நாட்களில் கை தடுமாறும்.

இந்த மாற்றத்தோடு பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. தேட முடியும், போனில் வாசிக்க முடியும், எழுத்துரு இல்லாதவருக்கும் அனுப்ப முடியும். இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் ஆங்கிலமும் தமிழும் கலந்த வினாத்தாளை மொத்தமாக மாற்றியில் போட்டால் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ்க் குழப்பமாக்கிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி மாற்றுங்கள்.

## தெரிவு 1: இருக்கிற லப்டொப்பில் லினக்ஸ் மின்ட்

லினக்ஸ் வகைகள் பல. விண்டோஸிலிருந்து வருகிறவருக்கு நான் சொல்வது மின்ட் மட்டும்தான். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, பழகிய அமைப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்.எஃப்.சி.ஈ பதிப்பு. பழைய சுழலும் ஹாட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றி, சுழலாத, வேகமான எஸ்.எஸ்.டி போடுங்கள். ஏழு, எட்டு வருடப் பழைய லப்டொப்புக்கு அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. நகரத்துக் கடையிலேயே செய்யலாம்.

உரிமச் செலவு இல்லை. புதுப்பித்தலை எப்போது இறக்குவது என்று உங்களைக் கேட்கும், ஆகவே ஹொட்ஸ்பொட்காரருக்கு நிம்மதி. நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. வைஃபை, ஒலி, கமரா, பிரிண்டர் நாலும் அந்த நிலையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இன்டெல் வைஃபை சிப் என்றால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. சில பிரோட்கொம், ரியல்டெக் சிப்கள் தொல்லை தரும். கைரேகை வாசிப்பான் வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. ஒன்று பிரிண்டர். எச்.பி, எப்சன் பிரிண்டர்களில் பெரும்பாலானவை ஒத்துழைக்கும். நம் கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற கெனன் எல்.பி.பி 2900 லேசர் லினக்ஸில் படாதபாடு படுத்தும். இரண்டாவது கோப்பு வடிவம். லிப்ரெஒபிஸ் வேர்ட் கோப்பைத் திறக்கும், ஆனால் அட்டவணையும் படமும் நிறைந்த வினாத்தாளில் பக்கம் நகர்ந்துவிடும். மேக்ரோ எக்செல் அரைகுறையாகத்தான் ஓடும். மூன்றாவது, உதவிக்கு ஆள். பிழை வந்தால் பக்கத்துக் கடைக்காரர் விண்டோஸ் போடவா என்றுதான் கேட்பார். கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படிக்கிற பிள்ளை ஒன்று உறவில் இருந்தால் இந்தக் கவலை பாதியாகிவிடும்.

போட்டோஷொப், கோரல்டிரோ, ஓட்டோகாட் இவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. பிரதான வீதியில் பதாகையும் கல்யாண அட்டையும் அடிக்கிறவர் இங்கே வரவேண்டாம். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுகிற வைன் என்ற கருவியைப் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால், வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது அது நின்றுபோனால் என்ன செய்வது என்று அவரிடம் கேளுங்கள்.

## தெரிவு 2: புதிய விண்டோஸ் 11 லப்டொப்

மென்பொருள் பட்டியல் நீளமானவருக்கு இதுதான் நேர் வழி. பழைய பிரிண்டர், கணக்குப் பொதி, தட்டச்சுக் கருவி எல்லாம் பெரும்பாலும் அப்படியே வரும். ஆனால் விலைச் சீட்டை நம்பி ஒப்பிடக்கூடாது. மலிவாகத் தெரிகிற சில மொடல்கள் விண்டோஸ் இல்லாமல் வருபவை. கடையில் போட்டுத் தருவது உரிமம் இல்லாத பிரதியாக இருக்கலாம். விண்டோஸ் 11 ஹோம் உரிமத்தின் அமெரிக்கப் பட்டியல் விலை 139 டொலர், ஒருமுறை வாங்கும் ஒபிஸ் ஹோம் 2024 ஏறத்தாழ 150 டொலர். இரண்டையும் ரூபாவாக்கிக் கூட்டிப் பார்த்தால் மலிவு லப்டொப்பின் மலிவு போய்விடும்.

செட்டிங்ஸில் அக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வீட்டு லப்டொப் ஒன்றில் ஏதோ நிறுவனத்தின் சேவை மூலம் உரிமம் தரப்பட்டதாகக் காட்டினால் அது கிராக். கிராக் கோப்போடு வைரஸும் வரும் என்பதைத் திருட்டு ஒபிஸ் போட்ட எத்தனையோ அலுவலகங்கள் கோப்புகளை இழந்துதான் அறிந்தன.

இன்னொன்றும் முக்கியம். புதிய விண்டோஸ் 11 லப்டொப்களில் பெரும்பாலானவை டிஸ்க்கைத் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறப்புச் சாவி 48 இலக்கம். முதலில் நுழைந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில்தான் அது சேமிக்கப்படும். கடைக்காரர் தன் கணக்கில் தொடங்கித் தந்தால் உங்கள் கோப்புகளின் சாவி அவருடைய கணக்கில் இருக்கும். ஒருநாள் மதர்போர்ட் பழுதாகி மாற்றினால் லப்டொப் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். ஆகவே பெட்டியைப் பிரிக்காமல் வாங்கி வந்து, வீட்டில் உங்கள் கணக்கில் தொடங்குங்கள்.

மெல்லிய மொடல்களில் ரேம் ஒட்டப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. அப்படியென்றால் 16 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள். ஸ்னப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லப்டொப்களின் பற்றரி அருமையானது. ஆனால் பழைய பிரிண்டரின் டிரைவரும் சில கணக்குப் பொதிகளும் அதில் ஓடாது. அலுவலகத்துக்கு வேண்டாம், பிரவுசரோடு வாழ்கிற மாணவருக்குச் சரி.

## தெரிவு 3: பாவித்த அலுவலக லப்டொப்

வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்துவிட்ட லெனோவோ திங்பேட், டெல் லாட்டிடியூட், எச்.பி எலைட்புக் ஆகியவை பாவித்த நிலையில் நிறையக் கிடைக்கின்றன. என் மனம் அதிகம் சாய்வது இந்தப் பக்கம். புதிய மலிவு லப்டொப்பைவிட இவற்றின் உடல் உறுதி, கீபோர்ட் நல்லது. பல மொடல்களில் ரேம், டிஸ்க், பற்றரி மூன்றையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் மாற்றலாம். பிரித்துப் பூட்டும் கையேட்டை அந்த நிறுவனங்களே இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. கடற்காற்றில் வருடம் ஒருமுறை திறந்து தூசு தட்டுவதற்கும் இவைதான் வசதி.

உரிமமும் பெரும்பாலும் கூடவே வரும். விண்டோஸ் புரோ சாவி பயாஸிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைத் திரும்ப நிறுவினால் தானாகவே உரிமம் பெறும். விண்டோஸ் 10 சாவி 11க்கும் செல்லும். 8ஆம் தலைமுறைக்குக் கீழ் மட்டும் வாங்காதீர்கள். பிறகு லினக்ஸ் விருப்பம் வந்தாலும் இவை அதற்கு நன்றாக ஒத்துவரும்.

பற்றரி களைத்துத்தான் இருக்கும் என்று வைத்து, புதிய பற்றரியின் விலையையும் கூட்டிப் பேசுங்கள். பயாஸுக்குள் நுழைய முடிகிறதா, கடவுச்சொல் கேட்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பழைய நிறுவனத்தின் பயாஸ் பூட்டு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வெள்ளைத் திரையைத் திறந்து கறை இருக்கிறதா, எல்லா யூ.எஸ்.பி போர்ட்டும் பென்டிரைவை எடுக்கிறதா என்றும் பாருங்கள்.

## தெரிவு 4: மேக்புக் எயார்

பற்றரிக்கு இதற்கு நிகர் குறைவு. ஒரே சார்ஜில் 18 மணித்தியாலம் வரை வீடியோ பார்க்கலாம் என்று ஆப்பிள் சொல்கிறது. மின்வெட்டு நாளில் அதில் பாதி கிடைத்தாலும் போதுமானது. 30 வாட் யூ.எஸ்.பி-சி சார்ஜரே அதற்குப் போதும், பவர் பேங்கிலும் ஏற்றலாம். ஆப்பிளின் சொந்த எம்1 சிப் முதல் வந்த எயார்களில் விசிறி இல்லை, உப்புத் தூசியை உள்ளே இழுக்காது.

ஆனால் பழுதானால்? இலங்கையில் ஆப்பிளின் சொந்தக் கடை இல்லை. விற்பனை முகவர்கள் கொழும்பில். ரேமும் டிஸ்க்கும் ஒட்டப்பட்டவை. மதர்போர்ட் போனால் டிஸ்க்கில் உள்ளதும் கூடவே போகும். அதனால் வெளி ஹாட் டிஸ்க்கில் டைம் மெஷின் என்ற மேக்கின் பிரதி எடுக்கும் வசதியை வைப்பது கட்டாயச் செலவு. விண்டோஸில் பாவித்த, என்.டி.எஃப்.எஸ் என்ற வடிவில் உள்ள வெளி டிஸ்க்கை மேக் வாசிக்கும், எழுதாது. பென்டிரைவ் செருக ஹப் வேண்டும். ஒபிஸ் உண்டு, அக்செஸ் இல்லை.

உறவினர் அனுப்புகிறார் என்றால் நாலு விஷயம் கேளுங்கள். இன்டெல் சிப்பா, எம் சிப்பா? இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26 தான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டது, ஆகவே இன்டெல் வேண்டாம். பழைய ஐகிளவுட் கணக்கிலிருந்து விடுவித்தாயிற்றா? இல்லையென்றால் இங்கே அதைத் திறக்கவே முடியாது. கீபோர்ட் எந்த நாட்டுடையது? பிரான்ஸிலிருந்து வந்தால் ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ இருக்கும், ஜெர்மனி, சுவிஸிலிருந்து வந்தால் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். எத்தனை ஜிபி ரேம்? 8 போதாமல் போகும் நாள் தூரமில்லை.

பிரவுசரையே மையமாக வைத்த கூகுளின் குரோம்புக் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 2021க்குப் பின் வந்தவற்றுக்குப் பத்து வருடப் புதுப்பித்தல் உண்டு. இணையம் அறுந்தால் பயன் குறையும், பழுதுபார்க்கிறவரும் இங்கே அரிது. பாடசாலைப் பிள்ளைக்கு உறவினர் அனுப்பினால் வைத்துக்கொள்ளலாம், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

## பக்கம் பக்கமாக

| | பழையதில் மின்ட் | புதிய விண்டோஸ் 11 | பாவித்த அலுவலக லப்டொப் | மேக்புக் எயார் |
|---|---|---|---|---|
| கைச் செலவு | எஸ்.எஸ்.டி மட்டும் | அதிகம் | நடுத்தரம் | மிக அதிகம் |
| உரிமம் | இலவசம் | பார்த்து வாங்க வேண்டும் | பெரும்பாலும் கூடவே | கூடவே |
| கோரல், போட்டோஷொப் | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| பழைய விண்டோஸ் கணக்குப் பொதி | இல்லை | உண்டு | உண்டு | இல்லை |
| ரெங்கநாதன் தட்டச்சு | பொதியில் உண்டு | தனியாக நிறுவ வேண்டும் | தனியாக நிறுவ வேண்டும் | முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் |
| திருகோணமலையில் பழுது | வன்பொருள் எளிது | மொடலைப் பொறுத்தது | எளிது | கடினம் |
| மின்வெட்டு | பழைய பற்றரி | நன்று | பற்றரி மாற்றினால் நன்று | மிக நன்று |

## யாருக்கு எது

கடிதம், பிரவுசர், படிப்பு, சூம் என்று போகிற வீட்டுக்கு, கையில் ஓடுகிற லப்டொப் இருந்தால் மின்ட். காசை வீணாக்க வேண்டாம். தயக்கம் இருந்தால் நீடிப்புக் காலம் முடியும்வரை விண்டோஸ் 10ஐயும் வைத்துக்கொண்டு பென்டிரைவில் பழகுங்கள்.

வினாத்தாள் தயாரித்து வலயத்துக்கு அனுப்புகிற ஆசிரியருக்குப் பாவித்த அலுவலக லப்டொப்பும் உரிமமுள்ள விண்டோஸும். கோப்பு அவரோடு நிற்பதில்லை, மற்றவர் கணினியில் அதே பக்கத்தில் திறக்க வேண்டும். கணக்குப் பொதி வைத்திருக்கிற கடைக்கும் இதுவே. நாள் முழுவதும் விற்பனை ஓடுகிற கடை என்றால் உத்தரவாதத்துக்காகப் புதிதை எடுக்கலாம்.

அச்சு வேலை, வடிவமைப்பு வேலை என்றால் புதிய விண்டோஸ், 16 ஜிபி, நல்ல திரை. வீடியோ வெட்டுகிற இளைஞர்களுக்கும் வெளிநாட்டு வேலையை வீட்டிலிருந்து செய்கிறவர்களுக்கும் மேக்புக் தகும். அவர்களின் வருமானம் பற்றரியிலும் வேகத்திலும் தங்கியிருக்கிறது, கொழும்புப் பயணத்தை அந்த வருமானம் தாங்கும். அழகாக இருக்கிறது என்பதற்காகக் கடன்பட்டு வாங்குகிற முதலாம் வருட மாணவரை நான் தடுத்தே தீருவேன்.

## மாற்றுகிற அன்று

கோப்புகளை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள், ஒன்று வெளி டிஸ்க், மற்றது இணையக் களஞ்சியம். பாமினி எழுத்துருக்கள், பிரவுசர் கடவுச்சொற்கள், டிஸ்க் பூட்டின் 48 இலக்கச் சாவி, கணக்குப் பொதியின் உரிம எண் நாலும் சேர்ந்தனவா என்று பாருங்கள். வட்ஸ்அப்பில் வந்து டவுன்லோட்ஸில் கிடக்கும் கோப்புகளைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

எஸ்.எஸ்.டி மாற்றினால் கழற்றிய பழைய டிஸ்க்கை அழிக்காமல், கடையில் விடாமல், வாங்கி வந்து உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, ஏதோ ஒரு வரிப் படிவமோ பழைய வினாத்தாளோ தேவைப்பட்டு அது புதியதில் இல்லாமல் போனால், யூ.எஸ்.பி உறை ஒன்று வாங்கி அந்த டிஸ்க்கைச் செருகி எடுத்துக்கொள்ளலாம்.